மூடியைச் சாய்த்தால் ஓடும் வைஃபை

மாதம் 20ஆம் தேதி என்றால் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் வாய் கொடுக்க மாட்டார்கள். விருதுநகரில் பதினாலு சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன், வீட்டிலிருந்தேதான். மாத வரிக் கணக்கான 3பி ரிட்டர்ன் போட அன்றைக்குக் கடைசி நாள். தள்ளிப்போனால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கி இருந்தால் அதற்கு வட்டி தனி, அந்த ஐம்பதை எந்தக் கடைக்காரரும் தன் பையிலிருந்து கட்ட மாட்டார், என் கூலியில்தான் கழிப்பார். அப்படி ஒரு டிசம்பர் 20, இரவு ஏழே முக்கால், பதினோரு பேருக்கு முடித்துவிட்டேன், மூன்று பேர் மிச்சம், வைஃபை மக்கர் செய்ய ஆரம்பித்தது.

அடியோடு போய்த் தொலைந்திருந்தால்கூட நல்லது. மூலையில் விசிறி மாதிரி அந்தக் குறி இருக்கிறது, கேட்டால் கனெக்டட் என்கிறது, பக்கம் மட்டும் திறக்காமல் சுற்றுகிறது. ஐந்து நிமிடம் கழித்துத் தானாக வரும், ஓடிபி போடுகிற இடம்வரைக்கும் போகும், திரும்பவும் சுற்றும். வந்த ஓடிபி அதற்குள் காலாவதி.

அந்தப் பதற்றத்தில் நான் செய்ததை வெட்கப்படாமல் சொல்கிறேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பை ரீஸ்டார்ட் கொடுத்தேன், அது அப்டேட் செய்கிறேன் பேர்வழி என்று பன்னிரண்டு நிமிடத்தைத் தின்றது. வைஃபை பெயரை அழுத்தி 'ஃபர்கெட்' கொடுத்தேன், கொடுத்த பிறகுதான் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது என்பதே உறைத்தது. பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பது பழையது, வீட்டுக்காரர் எப்போதோ மாற்றிவிட்டார், அவரோ மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், போன் எடுக்கவில்லை. பையன்தான் காப்பாற்றினான். அவன் போனில் வைஃபை செட்டிங்ஸுக்குள் 'ஷேர்' என்று அழுத்தினால் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம் வருகிறது, அதற்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் இருந்தது. பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை, சரி.

அதோடு விட்டேனா என்றால் இல்லை. யாரோ எப்போதோ சொன்ன ஞாபகத்தில் செட்டிங்ஸில் கடைசியாக இருக்கும் 'நெட்வொர்க் ரீசெட்'டையும் அழுத்தினேன். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள்: சேமித்து வைத்த எல்லா வைஃபை பாஸ்வேர்டையும், விபிஎன் அமைப்பையும், நாம் கையால் மாற்றிய எல்லா நெட்வொர்க் அமைப்பையும் துடைத்துவிட்டு லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்யும். ஒரு மொத்த வியாபாரக் கடையின் சர்வருக்குப் போக நான் வைத்திருந்த விபிஎன் போயிற்று. அதைத் திரும்பப் போட அடுத்த நாள் அரை நாள் ஆனது. கடைசி மருந்தை முதலில் குடித்த கதை.

கடைசியில் வேலை முடிந்தது எப்படித் தெரியுமா? போன் சார்ஜர் வயரை லேப்டாப்பில் சொருகி, போனில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்தேன். அவ்வளவுதான். லேப்டாப் அதை வயர் வழியாக வரும் நெட் என்றே எடுத்துக்கொள்ளும், வைஃபை கார்டுக்கு அதில் வேலையே இல்லை. வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் அழிந்துபோய், அதை டவுன்லோடு செய்யவே நெட் இல்லாமல் முழிக்கும் நேரத்திலும் இதுதான் வழி. ஒன்று மட்டும்: சில மலிவு வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது, போனில் டெதரிங் பட்டன் மங்கலாகவே இருந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது ரிட்டர்ன் போனபோது மணி பதினொன்று இருபது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் எட்டரைக்குச் சாப்பிட்டிருக்கலாம்.

அவசரம் என்றால் முதலில் வேறு வழியில் வேலையை முடி, ரிப்பேரை நாளைக்குப் பார். இதை அன்றைக்கு எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு கூத்து. காலையில் உட்கார்ந்தால் நெட் சுத்தமாக இல்லை. போனில் வாட்ஸ்அப் வருகிறது, வீடியோ ஓடுகிறது. 'போன்ல வருது, லேப்டாப்ல வரல, அப்ப லேப்டாப்புதான் கோளாறு' என்று முடிவுகட்டி ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். நெட் கம்பெனித் தம்பிக்கு போன் போட்டால், 'அக்கா, பெட்டியில செவப்பு லைட் எரியுதா பாருங்க' என்கிறான். போய்ப் பார்த்தால் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு மினுக் மினுக் என்கிறது. ஃபைபரில் வெளிச்சமே வரவில்லை என்று அர்த்தம். தெரு முனையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் வயரையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். அப்புறம் போனில் எப்படி வந்தது? வைஃபையில் நெட் இல்லை என்றதும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொண்டது. என் அன்றைய ஒன்றரை ஜிபி காலை பத்து மணிக்கே காலி.

அதிலிருந்து போனை வைத்துச் சோதிப்பதாக இருந்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத்தான் சோதிக்கிறேன். அதுவும் லேப்டாப் இருக்கும் அதே மேசையில் போனை வைத்து. ஹாலில் நின்று போனில் பார்த்துவிட்டு 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வதில் பிரயோசனம் இல்லை.

வெட்டிய ஃபைபரை மறுநாள் ஒட்டிக் கொடுத்தார்கள். பெட்டியில் எல்லா விளக்கும் பச்சை. என் மேசையில் பழைய கோளாறு அப்படியே இருந்தது, பகலில் ஓரளவு ஓடும், இரவு ஏழு மணிக்குமேல் நொண்டும். நெட் கம்பெனித் தம்பி நேரில் வந்து பார்த்து, 'எங்க சைடு கிளியர்க்கா' என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தான், பிங் போட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தான். எனக்குத் தெரிந்தவரை இந்த மொத்த விஷயத்திலும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்றால் அதுதான், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

விண்டோஸில் தேடும் இடத்தில் சிஎம்டி என்று மூன்றெழுத்து தட்டினால் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி என்டர் கொடுத்தால் 'டிஃபால்ட் கேட்வே' என்று ஒரு முகவரி காட்டும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 மாதிரி. அதுதான் உங்கள் ரௌட்டர். இப்போது பிங் என்று தட்டி, இடம் விட்டு அந்த முகவரி, இன்னும் ஓர் இடம் விட்டு ஒரு சின்னக் கோடும் டி என்ற எழுத்தும். வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும், நிறுத்த கன்ட்ரோலும் சியும். லேப்டாப் ரௌட்டரைப் பார்த்து 'இருக்கியா?' என்று கேட்கிறது, அது 'இருக்கேன்' என்று சொல்ல எத்தனை மில்லிசெகண்டு ஆனது என்பதுதான் அந்த வரி.

ரௌட்டர் 2, 3, 5 என்று ஒழுங்காகப் பதில் சொன்னால் வீட்டுக்குள் வைஃபை சரியாக இருக்கிறது. அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங். இது கூகுளின் டிஎன்எஸ் சர்வர், வெளியுலகம். ரௌட்டர் பதில் சொல்லி இது சொல்லவில்லை என்றால் கோளாறு வெளி லைனில், லேப்டாப்பைத் தொடாமல் நெட் கம்பெனிக்கு போன் போடுங்கள். இரண்டுமே பதில் சொல்லியும் தளங்கள் திறக்கவில்லை என்றால் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் தகராறாக இருக்கலாம். வைஃபை அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கையால் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐபிகான்ஃபிக்கில் உங்கள் லேப்டாப்பின் முகவரியே 169.254 என்று ஆரம்பித்தால் ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். ரௌட்டரையும் லேப்டாப்பையும் ஒருமுறை அணைத்துப் போட்டாலே அது பல நேரம் சரியாகிவிடும்.

எனக்கு வந்தது இப்படி: 3, 4, 3, 212, 480, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்', 6, 3. ரௌட்டர் பன்னிரண்டடி தூரத்தில், நடுவில் ஒரே ஒரு சுவர். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவர் பத்துக்கு இரண்டு தரம் காதில் விழாத மாதிரி இருக்கிறார். கோளாறு வெளியே இல்லை, இந்தப் பன்னிரண்டடிக்குள்தான் என்பது முதல் முறையாக உறுதியானது.

அங்கேதான் நான் மூன்று வாரம் சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதலில் ரௌட்டர் இருந்த இடம். வீட்டில் அது அசிங்கமாகத் தெரியக்கூடாது என்று இரும்பு பீரோவுக்குப் பின்னால், தரையோடு தரையாக வைத்திருந்தோம். இரும்பு வைஃபையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சும், கம்பி போட்ட கான்கிரீட் சுவர் பாதியை விழுங்கும். எங்கள் பீரோ மேல் சாமான், பக்கத்தில் குடிநீர் கேன் இரண்டு, ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஆணியடித்து ஆளுயரத்துக்குச் சுவரில் மாட்டினோம். கறுப்புத் திரையிலேயே சிக்னல் எவ்வளவு என்று பார்க்கலாம்: நெட்ஷ், அப்புறம் டபிள்யூ எல் ஏ என் என்ற நான்கெழுத்து, ஷோ, இன்டர்ஃபேசஸ், இந்த நான்கையும் இடம் விட்டுத் தட்டினால் எந்தச் சேனல், என்ன வேகம், சிக்னல் எத்தனை சதவீதம் என்று வரிசையாகக் காட்டும். இடம் மாற்றும் முன் என் மேசையில் 22. மாற்றிய பின் 35. ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அடுத்து சேனல், அதாவது ரௌட்டர் பேசும் அலைவரிசைத் தடம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டுச்சுவர், என் லேப்டாப்பில் மட்டும் பதினாலு வைஃபை பெயர் தெரிகிறது, அதில் ஒன்றின் பெயர் 'கேக்காத குடுக்கமாட்டேன்'. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் நமக்கு 1 முதல் 13 வரை சேனல் இருக்கிறது, ஆனால் பதின்மூன்று வீடு தனித்தனியாகப் பேசலாம் என்று நினைக்க வேண்டாம். சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு ரௌட்டர் பேச 20 மெகாஹெர்ட்ஸாவது வேண்டும், அதனால் பக்கத்து எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். 1, 6, 11 இந்த மூன்றுதான் ஒன்றையொன்று இடிக்காது. பதினாலில் எட்டு பேர் 6இல் இருந்தார்கள், நானும். ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் 11க்கு மாற்றினேன். இரவில் நொண்டுவது கொஞ்சம் குறைந்தது. சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பி நெட்டைத் திறக்கும்போதுதான் சத்தம் கூடுகிறது, பகலில் ஓடி இரவில் படுத்ததற்கு ஒரு பாதிக் காரணம் அது. மாடியில் குடியிருப்பவர்கள் மைக்ரோவேவ் அடுப்பு போட்டாலும் அதே அலைவரிசைதான், ஆனால் அவர்கள் இரவு எட்டரைக்குச் சோறு சூடு பண்ணுவதை நான் எப்படித் தடுப்பது?

5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இன்னொரு அலைவரிசை இந்த நெரிசலுக்கு நல்ல மாற்று, இடம் தாராளம், ஆனால் சுவர் தாண்டுவதில் சோப்ளாங்கி. எங்கள் ரௌட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது, எது எதில் ஒட்டுகிறது என்று தெரியாது. பெயரைப் பிரித்து வைத்தேன். போன் என் மேசையில் 5ஐ நன்றாகப் பிடித்தது. லேப்டாப்பின் பட்டியலில் அந்தப் பெயரே வரவில்லை. 'பழைய லேப்டாப்பு, அதுக்கு 5 வராது போல' என்று விட்டுவிட்டேன். தப்பு. ஹாலுக்கு எடுத்துப்போய் ரௌட்டருக்குக் கீழே வைத்தால் வரத்தான் செய்தது. பதில் அங்கேயே என் முகத்துக்கு நேரே நின்றது, நான்தான் பார்க்கவில்லை.

அப்புறம் பேக்கப் எடுக்கிற வெளி ஹார்டு டிஸ்க். அதைச் சொருகினால் வைஃபை இன்னும் மோசமாகிறது என்று பையன் கண்டுபிடித்தான். நான் நம்பவில்லை. ஆனால் அந்த டிஸ்க் ஓடும் யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் அறிக்கை போட்டிருக்கிறது. டிஸ்க்கை எதிர்ப்பக்கத் துளைக்கு மாற்றி, கொஞ்சம் நீளமான வயர் போட்டுத் தள்ளி வைத்தேன். அதிலும் ஒரு சொட்டு முன்னேற்றம்.

லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியல் போடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் மேல் இரண்டு முறை தட்டி, பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கத்தில் 'மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம்' என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுத்தேன். அதே இடத்தில் டிரைவர் பக்கத்தில் 'ரோல் பேக்' என்று ஒன்று உண்டு. ஓர் அப்டேட் வந்த மறுநாளிலிருந்து கோளாறு என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எனக்கு அது மங்கலாக இருந்தது, திரும்பிப் போகப் பழைய டிரைவர் இல்லை என்று அர்த்தம்.

இப்படி ஐந்தாறு வைத்தியம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டது, அதுதான் என்னை ஏமாற்றியது. எதுவுமே கேட்காமல் போயிருந்தால் முதல் வாரமே வேறு பக்கம் திரும்பியிருப்பேன். ஜனவரி 11, விற்பனை விவரத்துக்கான ஜிஎஸ்டிஆர்-1 போடக் கடைசி நாள், இரவு எட்டு மணி, திரும்பவும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. இந்தத் தடவை பதறாமல் போன் வயரைச் சொருகி வேலையை முடித்தேன், ஆனால் லேப்டாப்பைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்று இருந்தது.

இதற்கு நடுவில் மாமியார். அவர் மத்தியானம் என் லேப்டாப்பில் யூடியூபில் உபன்யாசம் கேட்பார். ஒருநாள் நான் உட்கார வந்தபோது சொன்னார், 'ஏத்தா, அந்த மூடிய இன்னுங் கொஞ்சம் மல்லாத்தி வச்சுக்க. நிமுத்தி வச்சா நின்னு நின்னு வருது, சாச்சு வச்சா நல்லா ஓடுது.' நான் சிரித்தேன். பழைய டிவிக்கு மாடியில் ஆன்டெனாவைத் திருப்பின காலத்து ஆள், அந்த ஞாபகத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். 'சரிங்கத்த' என்று சொல்லிவிட்டு நிமிர்த்தி வைத்து வேலை பார்த்தேன்.

பொங்கலுக்குத் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான், ஆபீஸ் லேப்டாப்போடு. என் மேசையில் பக்கத்தில் வைத்துச் சொகுசாக வேலை பார்க்கிறான், ஒரு தடங்கல் இல்லை. இரண்டிலும் கறுப்புத் திரையைத் திறந்து சிக்னல் பார்க்கும் அதே நெட்ஷ் கட்டளையைத் தட்டினோம். அவனுடையது 78. என்னுடையது 35. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் ரௌட்டருக்கு நேர் கீழே, மூன்றடியில் வைத்தோம். அவனுடையது 99. என்னுடையது 47.

மூன்றடியில் நாற்பத்தேழு. சுவர் இல்லை, பீரோ இல்லை, தண்ணீர்க் கேன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் சத்தமும் இங்கே ஒரு பொருட்டில்லை. 'இதுக்குக் காது கேக்கல அக்கா' என்றான் தம்பி. 'மூடிய எப்பவாச்சும் கழட்டுனீங்களா?'

கழற்றினோமா! தீபாவளிக்கு முன்னால் ஹிஞ்ச், அதாவது திரை மூடியைப் பிடித்திருக்கும் கீல், பிய்த்துக்கொண்டு ஒரு பக்கம் மூடி தொங்கியது, பஜாரில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினோம். லேப்டாப்பின் வைஃபை கார்டு கீழே, கீபோர்டுக்கு அடியில் இருந்தாலும் அதன் ஆன்டெனா பல மாடல்களில் மேலே திரையைச் சுற்றித்தான் இருக்கும், என்னுடையதிலும் அப்படித்தான். அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர், ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, ஹிஞ்ச் வழியாக இறங்கி வந்து கார்டில் மாட்டுகிறது. இது எனக்கு அதுவரை தெரியாது. தம்பி சொல்லச் சொல்ல எனக்கு மாமியார் சொன்னது ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மூடியை நன்றாகச் சாய்த்துவிட்டுக் கட்டளையைத் தட்டினேன். 58. நிமிர்த்தினேன். 46. திரும்பச் சாய்த்தேன். 59. கிழவி அளவுகோல் இல்லாமலே அளந்து வைத்திருக்கிறார்.

வாரண்டி முடிந்த லேப்டாப் என்பதால் நாங்களே திறந்தோம். உங்களுடையது வாரண்டியில் இருந்தால் தயவுசெய்து திறக்காதீர்கள், கொடுத்து வாங்குங்கள். முழுக்க ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டோம். ஒன்பது திருகு. ஹிஞ்ச் பக்கம் உள்ள இரண்டு மட்டும் நீளம், அதை மாற்றிப் போட்டால் கீபோர்டைக் குத்திக்கொண்டு மேலே வரும், அதனால் ஒரு தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து எந்த இடத்துத் திருகோ அந்த இடத்தில் வைத்தான் பையன். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் நுழைத்து மெதுவாகச் சுற்றி வந்தால் பட் பட்டென்று கிளிப் விடுபட்டு அடிப்பக்கத் தகடு எழும்பியது. முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது, அதைச் செய்யாமல் உள்ளே எதையும் தொடக்கூடாது.

வைஃபை கார்டு சின்னது, 22 மில்லிமீட்டர் அகலம், 30 நீளம், ஒரே ஒரு திருகில் படுத்திருக்கிறது. அதன் ஓரத்தில் பொன் நிறத்தில் இரண்டு குமிழ், மூக்குத்தித் திருகாணி அளவுகூட இல்லை. வெள்ளை வயர் ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து இன்னொரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கறுப்பு வயர் எதிலும் இல்லை, ஹிஞ்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு டேப்புக்கு அடியில் அநாதையாகக் கிடக்கிறது. மூடியைச் சாய்க்கும்போது வயர் தளர்ந்து வெள்ளை குமிழில் படிந்திருக்கும், நிமிர்த்தினால் இழுபட்டுத் தூக்கியிருக்கும். இரண்டு மாதத்துக்கும் மேலாக அரைக் காதை வைத்துக்கொண்டு அது பதினாலு கடை ரிட்டர்னைப் போட்டிருக்கிறது, உண்மையில் பாராட்ட வேண்டும்.

மாட்டுவதில்தான் பொறுமை வேண்டும். வயரின் முனையில் இருக்கும் குட்டி வளையத்தைக் குமிழுக்கு நேர் மேலே கொண்டுவந்து, சாய்க்காமல், விரல் நுனியால் நேராக அழுத்த வேண்டும். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று விரலுக்குத் தெரியும், காதில் கேட்காது. சாய்வாக வைத்து அழுத்தினால் வளையம் நசுங்கிவிடும், அப்புறம் ஆன்டெனா வயரையே மாற்ற வேண்டியதுதான், அதற்குத் திரையைக் கழற்ற வேண்டும். எந்த வயர் எந்தக் குமிழ் என்பதற்குக் கார்டிலேயே குறி இருந்தது. எனக்குக் கை நடுங்கியது, தம்பிக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை, கடைசியில் பையன்தான் போனின் டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும் உட்கார வைத்தான்.

மூடிப் போட்டு ஆன் செய்து என் மேசையில் தட்டிப் பார்த்தால் 84. 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் தானாக வந்து நின்றது. பிங் அரை மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு வரிகூடத் தவறவில்லை.

அதற்கப்புறம் தெருவில் யாருக்கு வைஃபை வரவில்லை என்றாலும் என்னிடம் அனுப்புகிறார்கள், பெரிய டாக்டராகிவிட்டேன். பாதிப் பேருக்கு ஏரோப்ளேன் மோட் பட்டனில் கை பட்டிருக்கும், ஒரு டீச்சருக்குத் தேதி 2019இல் நின்றிருந்தது. தேதி தப்பாக இருந்தால் பூட்டுக்குறி போட்ட தளங்கள் திறக்காமல் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், நெட் கோளாறு மாதிரியே இருக்கும். உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற காசு மாதிரிப் பேட்டரி செத்துப்போயிருந்தது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு வைஃபை குறியே காணாமல் போய் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 10' என்றும் இருந்தது. ஷட்டவுன் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டு, பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடிக்கச் சொன்னேன், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து கார்டு திரும்பி வந்தது. இன்னொருவருக்கு எதுவும் கேட்கவில்லை, கார்டே போய்விட்டது, யூஎஸ்பியில் சொருகும் குட்டி வைஃபை ஒன்று ஆயிரத்துக்குள் வாங்கிப் போட்டுக்கொண்டார். அதுவும் ஒரு தீர்வுதான், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றில்லை.

ஹிஞ்ச் மாற்றிய கடைக்குப் போய்ச் சொன்னேன், சண்டை போடவில்லை. அந்தத் தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. 'கடையில ரௌட்டர் பக்கத்துலயே இருக்குதுக்கா, ஆன் பண்ணுனா வைஃபை வந்துச்சு, சரின்னு கொடுத்துட்டேன்' என்றான். அவன் சொல்வதும் சரிதான், மூன்றடியில் ஒரு வயர் இல்லாமலும் வரும். மூடியைக் கழற்றி மாட்டுகிற எந்த வேலைக்குக் கொடுத்தாலும் இப்போது நான் கொடுக்கும் முன்பே வீட்டில் சிக்னல் எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறேன். வாங்கும்போது கல்லாவில் காசு கொடுப்பதற்கு முன் கேமரா, மைக் இரண்டையும் பார்த்துவிட்டு, அவர்கள் வைஃபையில் சேர்த்து, லேப்டாப்பைக் கையில் ஏந்திக்கொண்டு கடை வாசல்வரைக்கும் ஒரு நடை நடந்து, மூடியை நிமிர்த்தி ஒரு தரமும் சாய்த்து ஒரு தரமும் அந்தக் கட்டளையைத் தட்டிப் பார்க்கிறேன். பஜாரில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.